நாலு ட்ராக், ரெண்டு பேர்: வீட்டில் பதிவான லோ-ஃபை ராக் பற்றி

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் காதில் ஹெட்போனோடு நிற்கிற பையனிடம் "லோ-ஃபை கேட்பியா?" என்று கேட்டுப் பாருங்கள். தலையாட்டுவான். அவன் ஃபோனில் ஒரு சினிமாப் பாட்டு இருக்கும். வேகத்தைக் குறைத்து, எதிரொலியைக் கூட்டி, பின்னணியில் கொஞ்சம் மழைச் சத்தமும் போட்டிருப்பார்கள். படிக்கும்போது கேட்பதற்கென்று நாள் முழுக்க ஓடும் தாளக்கட்டுகளும் அதே பெயரில்தான் உலவுகின்றன. அவற்றில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெயர் முதலில் ஒட்டிக்கொண்டது வேறொரு வகை இசைமீது. அதில் இரைச்சலை யாரும் பிறகு தூவவில்லை. பதிவு செய்த கருவியே அதைக் கொடுத்தது, பாடியவர்கள் அதைத் துடைக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டிலோ கிடைத்த இடத்திலோ, கையிலிருக்கும் சாதாரணக் கருவியில் பாட்டைப் பதிவு செய்து, அதன் பிசிறுகளை மறைக்காமல் அப்படியே வெளியிடுவதுதான் லோ-ஃபை, அதாவது 'லோ ஃபிடெலிட்டி', துல்லியம் குறைந்த ஒலி. பெரிய கம்பெனியின் தயவு இல்லாமல், சிறிய லேபிள் (இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம்) வழியாகவோ சொந்தமாகவோ வெளியிட்டால் இண்டி. இரண்டும் ஒரே வீட்டில் வளர்ந்தவை. 1986-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் டபிள்யூ.எஃப்.எம்.யூ என்ற வானொலியில் வில்லியம் பெர்கர் என்பவர் இந்த மாதிரி வீட்டுப் பதிவுகளை மட்டும் ஒலிபரப்ப ஒரு நிகழ்ச்சி நடத்தினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'லோ-ஃபை'. பெயர் பரவியதில் அந்த நிகழ்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு.

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பொருளைத் தெரிந்துகொண்டால் போதும்: கேசட். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. ரெக்கார்டிங் சென்டருக்குப் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு போய், அறுபதோ தொண்ணூறோ நிமிஷக் காலி கேசட்டைக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு வா" என்று சொன்னதைக் கேட்டுத் திரும்பிய தலைமுறை அது. சின்னவர்களுக்காகச் சொல்கிறேன். கேசட்டுக்குள் இருப்பது 3.8 மில்லிமீட்டர் அகல நாடா. அது வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். அந்தக் குறுகிய அகலத்திலேயே நாலு ட்ராக், அதாவது தனித்தனி ஒலித்தடங்கள், அடுத்தடுத்து ஓடுகின்றன. ஏ பக்கத்துக்கு இடது, வலது என்று ரெண்டு. திருப்பிப் போட்டால் பி பக்கத்துக்கு ரெண்டு.

1979-இல் ஜப்பானின் டியாக் நிறுவனம், டாஸ்காம் என்ற பெயரில், போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற கருவியைக் கொண்டுவந்தது. அவர்கள் செய்த தந்திரம் ரொம்ப எளிது. திருப்பிப் போடுவதை நிறுத்திவிட்டு நாலு ட்ராக்கையும் ஒரே திசையில் பயன்படுத்தினார்கள். தரத்துக்காக ஓட்டத்தை இரண்டு மடங்கு ஆக்கினார்கள். ஒரு பக்கம் அரை மணி நேரம் ஓடவேண்டிய கேசட் இதில் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆனால் அந்தக் கால் மணி நேரத்துக்குள் ஒரே ஆள் முதலில் கிடார், அதைக் கேட்டபடியே இரண்டாவது ட்ராக்கில் குரல், மூன்றாவதில் இன்னொரு குரல் என்று அடுக்கலாம். இப்படி அடுக்குவதற்கு ஓவர்டப் என்று பெயர். அதுவரை இதெல்லாம் பெரிய ஸ்டுடியோவில், மணிக்கணக்குக்கு வாடகை கட்டிச் செய்யும் வேலை. இப்போது சமையலறை மேஜைக்கு வந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. போர்ட்டாஸ்டுடியோவில் பதிவான கேசட்டைச் சாதாரண டேப் ரெக்கார்டரில் போட்டால் நாலில் ரெண்டு ட்ராக்தான் கேட்கும், அதுவும் பாதி வேகத்தில் இழுத்துக்கொண்டு. திருப்பிப் போட்டால் மீதி ரெண்டும் பின்னாலிருந்து முன்னால் ஓடும். தற்செயலாகக் கேட்ட இந்தத் தலைகீழ்ச் சத்தத்தை வேண்டுமென்றே பாட்டில் சேர்த்தவர்களும் உண்டு.

நாலு ட்ராக்கும் நிறைந்துவிட்டால்? முதல் மூன்றையும் கலந்து நாலாவதில் ஏற்றிவிட்டு, அந்த மூன்றையும் அழித்து மறுபடி நிரப்பலாம். இதை பவுன்ஸ் என்பார்கள். இங்கேதான் லோ-ஃபை ஓசையின் வேர் இருக்கிறது. நாடாவில் இருப்பது நுண்ணிய காந்தத் துகள்கள். எதுவும் பதிவாகாத நாடாவிலும் அந்தத் துகள்கள் ஒழுங்கில்லாமல் கிடப்பதால் ஒரு மெல்லிய 'ஸ்ஸ்' கேட்கும். நாடா குறுகலாகவும் மெதுவாகவும் இருந்தால் அது கூடுதலாகக் கேட்கும். ஒவ்வொரு முறை கலந்து ஏற்றும்போதும் பழைய ஸ்ஸோடு புதிய ஸ்ஸும் சேரும், உச்ச ஒலிகள் மழுங்கும். ஒருவர் காப்பி எடுத்த கேசட்டை இரவல் வாங்கி, அதிலிருந்து இன்னொரு காப்பி எடுத்துக் கேட்டவர்களுக்கு அந்த மழுங்கல் பழக்கமானதுதான். முக்கியமான விஷயம், ஒருமுறை கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. கிடார் சத்தம் கூடிப்போனது என்று பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை. அதனால் வீட்டில் பதிவு செய்தவர்கள் முடிவுகளை அப்போதைக்கப்போதே எடுத்தார்கள். அந்தப் பாட்டுகளில் ஒரு துணிச்சல் தெரியும். அதில் பாதிக்குக் காரணம் இந்த வேறு வழியில்லாமைதான் என்பது என் எண்ணம்.

இந்தக் கருவி என்ன செய்யும் என்று உலகம் முழுக்கக் காட்டியவர் அமெரிக்காவின் பெரிய ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன். அவர் இண்டியும் இல்லை, ஏழையும் இல்லை. 1982 ஜனவரியில் நியூ ஜெர்சியில் தன் வீட்டில், போர்ட்டாஸ்டுடியோவையும் ஷூர் எஸ்.எம். 57 மைக் இரண்டையும் வைத்துக்கொண்டு சில பாட்டுகளை மாதிரிக்காகப் பதிவு செய்தார். அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலைந்தார். பிறகு முழு இசைக்குழுவோடு ஸ்டுடியோவில் அதே பாட்டுகளை வாசித்துப் பார்த்தால் உயிர் போய்விட்டிருந்தது. கடைசியில் பையிலிருந்த கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக அந்த வருஷம் வெளிவந்தது. கதை எல்லோரும் சொல்வதுதான். எனக்கு அதைவிட அதிகம் பிடித்தது, பெயர் தெரியாத ரெண்டு பேரின் கதை.

நியூசிலாந்தின் தென்பகுதியில் டனீடின் என்று ஒரு ஊர். எழுபதுகளின் கடைசியில் அங்கே பங்க் என்ற முரட்டு ராக் இசை வாசித்துத் திரிந்தவர்கள் கிறிஸ் நாக்ஸும் அலெக் பாத்கேட்டும். அவர்களுடைய 'டாய் லவ்' என்ற குழு உள்ளூரில் பேர் வாங்கியது. 1980-இல் ஆஸ்திரேலியாவுக்குப் போய் முறையான ஸ்டுடியோவில் ஆல்பம் செய்தார்கள். மேடையில் முரட்டுத்தனமாக இருந்த பாட்டுகள் இஸ்திரி போட்ட மாதிரி வெளிவந்தன. இருவருக்கும் அது பிடிக்கவில்லை. குழுவும் கலைந்தது. நாக்ஸ் அதன்பிறகு கேசட்டுக்குப் பதில் பெரிய சுருளில் நாடா ஓடும், டியாக்கின் நாலு ட்ராக் ரீல் இயந்திரம் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார். 1981-இல் அந்த இருவரும் 'டால் டுவார்ஃப்ஸ்' ஆனார்கள்.

டிரம்மர் இல்லை. பாஸ் கிடார் வாசிக்க ஆளில்லை. ரெண்டே பேர். ராக் இசையில் இது கிட்டத்தட்டக் கால் இல்லாத கட்டில். அதிலும் வீட்டில் பதிவு செய்கிறவர்களுக்கு டிரம்ஸ்தான் முதல் தலைவலி. அதற்கு மைக் நிறைய வேண்டும், அறை பெரிதாக வேண்டும், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொறுமை வேண்டும். இவர்கள் டிரம்ஸையே தூக்கிவிட்டார்கள். கைதட்டினார்கள், வீட்டிலிருந்த சாமான்களைத் தட்டினார்கள், அந்தச் சத்தத்தை நாடா வளையமாக்கித் தாளமாக ஓடவிட்டார்கள்.

நாடா வளையத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ரீல் இயந்திரத்தில் நாடா வினாடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு தட்டுத் தட்டுகிறீர்கள், அதற்கு ரெண்டு வினாடி ஆகிறது. அந்த ரெண்டு வினாடி நாடாவில் 38 சென்டிமீட்டர் நீளம். அந்தத் துண்டை பிளேடால் சாய்வாக வெட்டி எடுத்து, இரண்டு முனையையும் ஒட்டுநாடாவால் சேர்த்தால் ஒரு வளையம். ரீலில் சுற்றாமல் அதை, நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் ஒலிமுனையின் மேல் ஓடவிட்டு, தொய்யாமலிருக்க மறுபக்கம் ஒரு பென்சிலையோ மைக் கம்பியையோ பிடித்துக்கொண்டால், அந்த நான்கு தட்டும் நீங்கள் நிறுத்தும்வரை சுற்றிச் சுற்றி வரும். அதை ஒரு ட்ராக்கில் ஏற்றிவிட்டு மேலே பாட வேண்டியதுதான். வெட்டியது கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தாளம் லேசாக நொண்டும். கணினியில் செய்த தாளத்துக்கு அந்த நொண்டல் வராது. சில பாட்டுகளில் நொண்டலைப் பிடித்துக்கொண்டே மெட்டு நடக்கிறது.

நாக்ஸ் இருந்தது வடக்குத் தீவின் ஆக்லாந்தில், பாத்கேட் தெற்குத் தீவின் கிறைஸ்ட்சர்ச்சில். அவ்வப்போது சந்தித்து, கிடைத்த சில நாளில் பாட்டு எழுதி, வாசித்து, பதிவும் செய்து முடித்துவிட்டுப் பிரிவார்கள். அதனால் நீளமான ஆல்பங்களைவிட நாலைந்து பாட்டு கொண்ட சிறிய இசைத்தட்டுகள்தான் ஆரம்ப வருஷங்களில் அதிகம். நாக்ஸ் கார்ட்டூனிஸ்ட்டும்கூட. அட்டைப்படமும் கையாலேயே. கிறைஸ்ட்சர்ச்சில் ரோஜர் ஷெப்பர்ட் 1981-இல் தொடங்கிய ஃப்ளையிங் நன் என்ற சின்ன லேபிள் அவற்றில் பெரும்பாலானவற்றை வெளியிட்டது. நாக்ஸின் அதே நாலு ட்ராக் இயந்திரத்தில் 'தி க்ளீன்' என்ற இன்னொரு டனீடின் குழுவின் இசைத்தட்டும் பதிவாகி, நாட்டின் விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் போனது. வீட்டு மிஷினில் பதிவான இசை அந்த நாட்டில் ஒதுக்குப்புறச் சமாச்சாரமாக இருக்கவில்லை.

டால் டுவார்ஃப்ஸ் பணம் சம்பாதிக்கவில்லை. நியூசிலாந்துக்கு வெளியே பெரும்பாலும் இசைக்கலைஞர்கள்தான் அவர்களைக் கேட்டார்கள். 2009-இல் நாக்ஸுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு தடைபட்டது. மருத்துவச் செலவுக்காகப் பலர் அவருடைய பாட்டுகளைப் பாடி ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். அதில் பாடியவர்களில் அமெரிக்காவின் மவுண்டன் கோட்ஸ் என்ற குழுவும் உண்டு. அந்த மவுண்டன் கோட்ஸின் ஜான் டார்னியல், பல வருஷம் பேனசானிக் டேப் ரெக்கார்டர் ஒன்றின் உள்மைக்கிலேயே நேராகப் பாடிப் பதிவு செய்தவர். மோட்டார் உறுமுவது பாட்டு முழுக்கக் கேட்கும். 2022-இல் டால் டுவார்ஃப்ஸின் பாட்டுகளைத் தொகுத்து மெர்ஜ் லேபிள் ஒரு பெட்டித் தொகுப்பு கொண்டுவந்தது. தேடினால் இப்போது இணையத்தில் கிடைக்கும்.

சரி, இதெல்லாம் நமக்கு அந்நியமா? என்னைக் கேட்டால் இல்லை என்பேன். பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரை பக்கம் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கூத்து மேடையில் தலைக்கு மேல் ரெண்டு மைக் தொங்கும். வேஷம் கட்டியவர் முன்னால் வந்து பாடினால் குரல் கூடும், சுற்றி ஆடிக்கொண்டு பின்னால் போனால் குறையும். ஆர்மோனியக்காரரும் முகவீணைக்காரரும் உட்கார்ந்திருக்கும் தூரம்தான் அவர்களுடைய வால்யூம். அதை யாரோ டேப் ரெக்கார்டரில் பிடித்த கேசட்டுகள் கைமாறிக்கொண்டே இருந்தன. ஜெனரேட்டர் சத்தம், யாரோ ஒரு பாட்டி இருமுவது, "மைக்க மேல ஏத்துப்பா" என்ற அதட்டல் எல்லாம் அதில் இருக்கும். யாரும் அதைத் தரக்குறைவு என்று தூக்கிப்போடவில்லை. கர்ண மோட்சம் கேட்டு அழுதுகொண்டுதான் இருந்தார்கள். அந்தக் காதோடு போனால் நியூசிலாந்துக்காரர்களின் ரீல் இரைச்சல் பயமுறுத்தாது.

வித்தியாசமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கூத்துக் கேசட்டு, நடந்ததைப் பிடித்து வைத்தது. டால் டுவார்ஃப்ஸ் பாட்டு அப்படியல்ல. அது எங்கேயும் நடக்கவே இல்லை. ரெண்டு பேர் ஏழு பேராக வாசிப்பது நாடாவில் மட்டும்தான் சாத்தியம். அவர்களுக்கு ரெக்கார்டரும் ஒரு வாத்தியம். வீட்டில் பதிவு செய்தால் லோ-ஃபை என்று எளிமையாகச் சொல்லிவிட்டாலும், கவனிக்க வேண்டியது இந்தப் பயன்பாட்டைத்தான்.

பாலக்கோடு பக்கம் எனக்குத் தெரிந்த ரெண்டு பையன்கள் இருக்கிறார்கள். ஒருவன் ஓசூரில் கம்பெனி வேலைக்கு ஷிப்டில் போகிறவன், மற்றவன் வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். கிடார் ஒன்று, ஃபோன் ரெண்டு, சொந்தப் பாட்டுகள் கொஞ்சம். பதிவு செய்வது புழு வளர்ப்பு மனையில். கூடு அறுவடை முடிந்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, அடுத்த புழு வரும்வரை அந்த மனை காலியாகக் கிடக்கும். நீளமான அறை, சுண்ணாம்புச் சுவர், மேலே ஷீட். கைதட்டினால் சத்தம் மெதுவாகத்தான் அடங்கும். காசு கொடுத்தாலும் கிடைக்காத எதிரொலி அது.

அவர்களிடம் ஒரு பாட்டின் பின்னால் நின்று நிதானமாகப் பெய்யும் ஒரு சத்தம் கேட்டது. ஆப் எதிலிருந்தோ எடுத்த மழை என்று நினைத்துக் கேட்டேன்.

"மழை இல்லண்ணா, புழு."

"புழுவா?"

"அஞ்சாம் பருவத்துல எலை தின்னும்ல, அந்தச் சத்தம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோன ரேக்குல வெச்சுட்டு வந்துட்டேன். உள்ள போறதுக்கே பிளீச்சிங் தண்ணில கால நனைக்கச் சொல்லி அப்பா சத்தம் போட்டாரு."

ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே நேரத்தில் மல்பெரி இலையைத் தின்றால் தூறல் போடுகிற மாதிரித்தான் கேட்கும். பட்டு வளர்க்கும் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அது மிக மெல்லிய சத்தம். அது ஃபோனில் அவ்வளவு தெளிவாகப் பதிவானதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஃபோனின் ரெக்கார்டர் தானாகவே ஒலியளவைச் சரிசெய்துகொள்ளும். சத்தம் பெரிதானால் இறக்கும், அமைதியானால் ஏற்றும். மனையில் வேறு சத்தமே இல்லாததால் அது ஏற்றிக்கொண்டே போய், புழு தின்னும் ஒலியையும் தன் சொந்த இரைச்சலையும் சேர்த்தே மேலே கொண்டுவந்துவிட்டது. எது புழு, எது ஃபோன் என்று பிரிக்க முடியாது. நாலு ட்ராக்காரர்களுக்கு நாடா கொடுத்ததை இவர்களுக்கு ஃபோன் கொடுத்திருக்கிறது.

அதே குணம் பாடும்போது எதிரியாகிவிடும். இவன் ஓங்கிப் பாடி நிறுத்தியதும், அடுத்த கணம் பின்னணி இரைச்சல் குபுக்கென்று மேலே வரும். அடுத்த வரியின் முதல் எழுத்து வெடிக்கும். அதனால் தானியங்கி ஒலியளவை அணைக்க வழியுள்ள ரெக்கார்டிங் ஆப்பாகப் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். அது பேச்சுக்காகச் செய்தது. மாறாமல் நீண்டு ஒலிக்கும் எதையும் அது இரைச்சல் என்றே நினைக்கும். ஆர்மோனியத்தின் சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாக அது தின்றுவிடும். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் பாடி அனுப்பினால் பாட்டு விசித்திரமாகக் கேட்பதற்கும் காரணம் இதே வகைதான்.

நாடாவுக்கும் ஃபோனுக்கும் இன்னொரு பெரிய வேறுபாடு, அளவை மீறினால் என்ன ஆகும் என்பது. நாடாவில் சத்தம் கூடிப்போனால் காந்தத் துகள்கள் நிறைந்து, அலையின் உச்சி மெதுவாக உருண்டு போகும். காதுக்கு அது கனமாக, இதமாகக்கூட இருக்கும். டிஜிட்டலில் உச்சி கத்தரித்த மாதிரி தட்டையாகிவிடும். அது இதமில்லை, கரகரப்பு. ஆகவே பழைய ஆட்கள் மீட்டர் சிவப்புக்குப் போகும்வரை ஓட்டினார்கள் என்று படித்துவிட்டு ஃபோனிலும் அப்படிச் செய்யாதீர்கள். பம்பை, உடுக்கை பதிவு செய்யப்போகிறவர்கள் முதலில் நாலடி தள்ளி வைத்துப் பாருங்கள்.

மைக் எவ்வளவு தூரத்தில் என்பதுதான் வீட்டுப் பதிவில் பாதி வேலை. தூரம் ரெண்டு மடங்கானால் நேராக வரும் ஒலியின் ஆற்றல் நாலில் ஒரு பங்காகிவிடும். அறையின் எதிரொலி அவ்வளவாகக் குறையாது. ஒரு சாண் தூரத்தில் பாடினால் காதருகே சொல்கிற மாதிரி இருக்கும், மூன்றடி தள்ளினால் பாட்டோடு அறையும் சேர்ந்து கேட்கும். எதிரொலி வேண்டாமென்றால் மெத்தை, போர்வை, கேழ்வரகு மூட்டை அடுக்கிய அறை எதுவானாலும் சரி. மூட்டை அறை பிரமாதமாக இருக்கும். எலியை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கரண்ட் போன நேரம் கிடைத்தால் விடாதீர்கள். ஃபேன், ஃபிரிட்ஜ், போர் மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் ஓயும் வேளை அது ஒன்றுதான். 50 ஹெர்ட்ஸ் கரண்டின் அந்த 'ம்ம்' உறுமல் எத்தனை சாதனத்தில் ஒளிந்திருக்கிறது என்பது அது நின்ற பிறகுதான் தெரியும். கிருஷ்ணகிரி டவுனில், ஹைவே ஓரத்தில் இருப்பவர்களுக்கு லாரி ஹாரனுக்கு நான் வழி சொல்ல முடியாது. அதைப் பாட்டில் வைத்துக்கொள்வதே உத்தமம்.

இந்த இசையின் பெயரால் நிறைய சோம்பேறித்தனமும் நடக்கிறது. சுருதி சேராத கிடார், எழுதி முடிக்காத பாட்டு, கேட்டால் "லோ-ஃபைண்ணா" என்று பதில். ஒஹையோ மாநிலத்தின் டேட்டனில் ராபர்ட் போலார்ட் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். அவருடைய குழு 'கைடட் பை வாய்சஸ்'. 1994-இல் அவர்கள் வெளியிட்ட 'பீ தவுசண்ட்' வீட்டிலும் கராஜிலும் நாலு ட்ராக்கில் பதிவானது. இருபது பாட்டு, மொத்தமே 36 நிமிஷம் சொச்சம். சில பாட்டு பாதியில் அறுந்த மாதிரி முடியும். ஆனால் எதை எடுத்தாலும் மெட்டு மண்டையில் தங்கும். ஒலி மோசமாக இருந்தும் அந்த ஆல்பம் நிற்பது மெட்டினால். மெட்டு இல்லாவிட்டால் இரைச்சல் காப்பாற்றாது. நாடாவே தொடாதவர்களுக்கு நாடா இரைச்சலை மென்பொருளாக விற்கும் வியாபாரம் இன்று நன்றாக நடக்கிறது. விலைக்கு வாங்கி ஊற்றிய ஸ்ஸுக்கும், அந்தப் பாட்டு பிறந்தபோதே உடன் வந்த ஸ்ஸுக்கும் கேட்கும்போது வித்தியாசம் தெரியுமா என்று கேட்டால், சத்தத்தில் தெரியாமல் போகலாம். பாட்டின் அமைப்பில் தெரியும். நாலே ட்ராக் இருந்தவன் எந்த வாத்தியத்தை விட்டிருக்கிறான், எந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கிறான் என்று பாருங்கள். நாற்பது ட்ராக் வைத்துக்கொண்டு மேலே புழுதி தூவியவனால் அந்தக் காலியிடத்தை விட்டிருக்க முடியாது.

கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை: முதலில் 'நெப்ராஸ்கா'. பெரும்பாலும் குரலும் கிடாரும்தான், பழகுவதற்குச் சுலபம். அடுத்து டால் டுவார்ஃப்ஸின் எண்பதுகளின் பாட்டுகளைத் தொகுத்த 'ஹலோ க்ரூவல் வேர்ல்ட்'. ஹெட்போனில் கேளுங்கள். இடது காதில் என்ன, வலது காதில் என்ன என்று பிரித்துக் கேட்டால் எத்தனை அடுக்கு, எதை எதோடு கலந்துவிட்டார்கள் என்று ஓரளவு பிடிபடும். கைதட்டலில் எந்தத் தட்டு நொண்டுகிறது என்று தேடுங்கள். 'பீ தவுசண்ட்' மூன்றாவதாகப் போதும்.

செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: பேண்ட்லேப் மாதிரி இலவச ஆப் ஒன்று, ஃபோன் ஒன்று, வயர் வைத்த இயர்போன் ஒன்று. வயர் முக்கியம். ப்ளூடூத்தில் சத்தம் காதுக்கு வருவதற்குள் கொஞ்சம் தாமதமாகும். முதல் ட்ராக்கைக் கேட்டபடி இரண்டாவதைப் பாடினால் ஒவ்வொரு அடியும் பிந்திப் பதிவாகும். ஆப்பில் எத்தனை ட்ராக் இருந்தாலும் நாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐந்தாவது வேண்டுமென்றால் முதல் மூன்றையும் ஒன்றாகக் கலந்து, தனித்தனிக் கோப்புகளை அழித்துவிடுங்கள். கை நடுங்கும். நாக்ஸுக்கும் நடுங்கியிருக்கும்.

பாலக்கோட்டுப் பையன்கள் அழிக்க மறுக்கிறார்கள். "எதுக்குண்ணா, மெமரி கார்டுல எடம் இருக்குல்ல" என்கிறார்கள். அதுவும் ஒரு நியாயம்தான். முடித்த பாட்டை நண்பர்களுக்கு அனுப்பும்போது மட்டும் வாட்ஸ்அப்பில் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஆடியோவாக அனுப்பினால் வழியில் மறுபடி சுருங்க வாய்ப்புண்டு. புழுச் சத்தம்தான் முதலில் காணாமல் போகும்.